இருபத்து நான்கு ஃப்ளாப்பிகள்

1990-களின் நடுவில் லினக்ஸ் நிறுவ உட்கார்ந்தவர் முதலில் தேட வேண்டியிருந்தது, தன் மானிட்டரோடு வந்த கையேட்டை. திரையின் கிடைமட்ட அலைவெண் எத்தனை கிலோஹெர்ட்ஸ், செங்குத்து அலைவெண் எத்தனை ஹெர்ட்ஸ் என்று நிறுவும்போது கேள்வி வரும். எண்ணைக் கூட்டிக் கொடுத்துவிட்டால் மானிட்டரே பழுதாகலாம் என்று எக்ஸ்ஃப்ரீ86 ஆவணங்கள் எச்சரித்தன. திரையில் படம் காட்டும் பொறுப்பு அந்த மென்பொருளுடையது. பல மாதச் சம்பளத்தைச் சேர்த்து வாங்கிய கணினி அது. அதன் திரையைப் பணயம் வைத்து ஓர் இயங்குதளத்தைச் சோதித்துப் பார்க்க எத்தனை பேருக்கு மனம் வரும்?

இன்று ஒரு பென் டிரைவில் லினக்ஸை ஏற்றிக் கணினியில் செருகி, உள்ளே இருக்கும் ஒரு கோப்பைக்கூடத் தொடாமல் அரை மணி நேரம் ஓட்டிப் பார்க்கலாம். ஒலி வருகிறதா, வைஃபை பிடிக்கிறதா, தமிழ் எழுத்து உடையாமல் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு, பிடிக்காவிட்டால் பிடுங்கி வைத்துவிடலாம்.

லினக்ஸின் வரலாறு என்று எழுதப்படுவது பெரும்பாலும் அதன் மையப் பகுதியான கர்னலின் வரலாறுதான். சர்வர்கள், சூப்பர் கம்ப்யூட்டர்கள், ஆண்ட்ராய்டு போன்கள் என்று அந்தக் கர்னல் போய்ச் சேர்ந்த இடங்கள் பெரியவை. ஆனால் கணினித் துறையைச் சேராத ஒருவர் தன் வீட்டுக் கணினியில் அதை நிறுவத் துணிந்த கதை வேறு. அதில் வருபவர்களும் வேறு. புதியவரின் தயக்கத்தையும் ஒரு மென்பொருள் பிழையாகவே எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகத் திருத்தியவர்கள் அவர்கள். இதில் ஒருவருக்கும் முழு வெற்றி கிடைக்கவில்லை. சிலர் நிறுவனத்தையே இழந்தார்கள். ஆனாலும் ஒவ்வொருவரும் புதியவரின் முன்னால் நின்ற ஏதோ ஒரு கேள்வியை எடுத்துவிட்டுப் போனார்கள்.

ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தான் ஓர் இயங்குதளம் எழுதிக்கொண்டிருப்பதாக 1991 ஆகஸ்ட் 25 அன்று மினிக்ஸ் என்ற இயங்குதளத்தின் பயனர்களுக்கு அறிவித்தபோது அவருக்கு வயது 21. செப்டம்பரில் வெளிவந்த 0.01 பதிப்பைத் தொகுக்கவே மினிக்ஸ் ஓடும் கணினி வேண்டியிருந்தது. இன்னொரு பக்கம், ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-ல் அறிவித்த க்னூ திட்டத்தில் கம்பைலர், ஷெல், கோப்புக் கருவிகள் எல்லாம் தயாராக இருந்தன. இல்லாதது கர்னல்தான். 1992-ல் டோர்வால்ட்ஸ் தன் கர்னலை க்னூ பொது உரிமத்தின்கீழ் கொண்டுவந்ததும் இரண்டையும் சேர்க்கத் தடையில்லாமல் போயிற்று. சேர்த்து, அடுக்கி, நிறுவும் வகையில் கையில் கொடுக்கத்தான் ஆள் வேண்டியிருந்தது.

அந்த வேலையைச் செய்தவைதான் பயனர்கள் டிஸ்ட்ரோ என்று சொல்லும் வழங்கல்கள். மான்செஸ்டர் பல்கலைக்கழகக் கணினி மையத்திலிருந்து 1992 பிப்ரவரியில் ஒன்று வந்தது. அதே ஆண்டு பீட்டர் மெக்டொனால்ட் தொகுத்த எஸ்எல்எஸ் பரவலானது. அதில் பிழைகள் மலிந்திருந்தன. அந்தப் பிழைகளிலிருந்தே இரண்டு நல்ல காரியங்கள் பிறந்தன.

முதலாவது ஸ்லாக்வேர். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் படித்துக்கொண்டிருந்த பாட்ரிக் வோல்கெர்டிங்கிடம் அவருடைய பேராசிரியர் ஒருவர், லினக்ஸை வீட்டிலும் கல்லூரிக் கணினிகளிலும் நிறுவுவது எப்படி என்று காட்டச் சொன்னார். எஸ்எல்எஸ்ஸை நிறுவும்போதெல்லாம் அதே பிழைகளைத் திரும்பத் திரும்பத் திருத்த வேண்டியிருந்ததால், திருத்திய வடிவத்தையே வோல்கெர்டிங் சேமித்து வைத்தார். அது 1993 ஜூலை 17 அன்று பொதுவில் வெளியானது. இன்றும் உயிரோடு இருக்கும் வழங்கல்களில் மூத்தது அதுதான். வல்லுநர்களுக்கான கடினமான லினக்ஸ் என்று பின்னாளில் பெயர் வாங்கிய ஸ்லாக்வேர், நிறுவத் தெரியாத ஒருவருக்கு உதவப் போய்ப் பிறந்தது என்பதை நினைவில் வைப்பது நல்லது. இரண்டாவது, அதே ஆண்டு ஆகஸ்ட் 16 அன்று பர்டூ பல்கலைக்கழக மாணவர் இயன் மர்டாக் அறிவித்த டெபியன். இன்று புதியவர்களுக்குப் பரிந்துரைக்கப்படும் வழங்கல்களில் பெரும்பாலானவை டெபியனின் பிள்ளைகள், அல்லது பேரப்பிள்ளைகள்.

ஸ்லாக்வேரின் முதல் பதிப்பு மூன்றரை அங்குல ஃப்ளாப்பிகள் 24-ல் அடங்கியது. ஒவ்வொன்றையும் டாஸில் ஓடும் ஒரு சிறு நிரலால் எழுதிக்கொள்ள வேண்டும். பதினேழாவது ஃப்ளாப்பியில் ஒரு செக்டர் கெட்டிருந்தால் நிறுவல் அங்கேயே நிற்கும். ஹார்டு டிஸ்க்கைப் பிரிக்கும் எஃப்டிஸ்க் கருவியில் பட்டனோ படமோ கிடையாது, ஒற்றை எழுத்துக் கட்டளைகள்தான். ஓர் எழுத்து பிசகினால் டாஸும் விண்டோஸும் அவற்றில் இருந்த கோப்புகளும் போயே போய்விடும். பிறகு லைலோ என்ற பூட் லோடர், பிறகு ஒலி அட்டையின் ஐஆர்க்யூ எண், கடைசியாக அந்த மானிட்டர் அலைவெண். இத்தனைக்கும் பிறகு வந்து நிற்பது கறுப்புத் திரையில் கடவுச்சொல் கேட்கும் ஒரு வரி.

இந்தியாவில் இதற்கும் முன்னால் வேறொரு தடை இருந்தது. பொதுமக்களுக்கான இணையச் சேவையை விஎஸ்என்எல் தொடங்கியதே 1995 ஆகஸ்ட் 15 அன்றுதான். 28.8 கிலோபிட் மோடத்தில் ஒரு குறுவட்டு அளவுக்குத் தரவை இறக்க, தொடர்பு ஒருமுறைகூட அறுபடாமல் இருந்தாலும் இரண்டு பகலும் இரண்டு இரவும் ஆகும். அழைப்புக் கட்டணம் தனி. அதனால் இந்த நாட்டில் லினக்ஸ் வீடுகளுக்குள் வந்தது பத்திரிகை வழியாக. பிசி குவெஸ்ட் இதழ் 1996-ல் ஸ்லாக்வேரைக் குறுவட்டாக இதழோடு சேர்த்துக் கொடுத்தது. பிறகு ரெட் ஹாட் என்ற வழங்கலை அடிப்படையாகக் கொண்ட தன் சொந்தத் தொகுப்பையே ஆண்டுதோறும் தந்தது. அந்த முயற்சியில் முன்னின்ற அதுல் சிட்னிஸ் பின்னர் பெங்களூரில் பெரிய கட்டற்ற மென்பொருள் மாநாடுகளை நடத்தினார். சென்னையில் லினக்ஸ் பயனர் குழு ஐஐடி வளாகத்தில் மாதந்தோறும் கூடியது. தெரியாதவர் கணினியைத் தூக்கிக்கொண்டு வர, தெரிந்தவர் நிறுவிக் கொடுக்கும் வழக்கம் இப்படிப்பட்ட குழுக்களால்தான் வளர்ந்தது. ஒரு நிறுவனமும் விளம்பரம் செய்யாத காலத்தில், மாணவர்களிடையே கைமாறிய அந்தக் குறுவட்டுகளே விளம்பரம்.

நிறுவிய பிறகு என்ன செய்வது என்ற கேள்வியை முதலில் எடுத்துக்கொண்டவர் ஜெர்மனியின் டூபிங்கன் பல்கலைக்கழக மாணவர் மத்தியாஸ் எட்ரிக். லினக்ஸ் பின்பற்றிய யூனிக்ஸில் வரைகலை நிரல்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு தினுசு. ஒன்றின் ஸ்க்ரோல் பார் இடப்பக்கம், இன்னொன்றுக்கு வலப்பக்கம். ஒன்றில் எடுத்த நகலை மற்றொன்றில் ஒட்ட முடியாது. நிரல் எழுதாத சாதாரணப் பயனருக்காக ஒரே சீரான பணிச்சூழல் வேண்டும் என்று 1996 அக்டோபர் 14 அன்று அவர் விடுத்த அழைப்பிலிருந்து கேடிஇ பிறந்தது. அது சார்ந்திருந்த க்யூட்டி நூலகம் அப்போது முழுமையாகக் கட்டற்றதாக இல்லை. அந்தக் குறையை ஏற்க மறுத்து மெக்சிகோவின் மிகேல் டெ இகாசாவும் ஃபெதெரிகோ மேனாவும் 1997 ஆகஸ்டில் க்னோம் திட்டத்தைத் தொடங்கினார்கள். உரிமச் சண்டை 2000-ல் தீர்ந்தது. ஆனால் இரண்டு பணிச்சூழல்கள் நிலைத்துவிட்டன. எது நல்லது என்ற கேள்வி புதியவரின் தலையில் விழுந்தது.

இந்த இடத்தில் பிரான்ஸின் கேல் டுவால் செய்த காரியம் எளிமையானது, புத்திசாலித்தனமானது. ரெட் ஹாட் 5.1-ஐ எடுத்தார், அதில் கேடிஇயைச் சேர்த்தார், 1998 ஜூலையில் மான்ட்ரேக் என்ற பெயரில் வெளியிட்டார். எதைத் தேர்ந்தெடுப்பது என்று பயனரைக் கேட்காமல் தானே முடிவு செய்துகொடுத்தார். மான்ட்ரேக்கின் நிறுவல் நிரலில் பார்ட்டிஷன்கள் வண்ணப் பட்டைகளாகத் தெரிந்தன. விண்டோஸ் பகுதியைச் சுருக்கி இடம் உண்டாக்குவதும் அதற்குள்ளேயே முடிந்தது. அழிந்துவிடுமோ என்ற பயத்துக்கு முதன்முதலில் கண்ணால் பார்க்கும்படி பதில் சொன்னவற்றில் அதுவும் ஒன்று.

1999-ல் கால்டெரா நிறுவனம் ஓப்பன்லினக்ஸ் 2.2-ஐ வெளியிட்டது. அதன் நிறுவல் நிரல் முழுக்க வரைகலை. கோப்புகள் பின்னணியில் நகலாகிக்கொண்டிருக்க, பயனர் டெட்ரிஸ் ஆடிக்கொண்டிருக்கலாம். இந்த விளையாட்டு வெறும் அலங்காரம் இல்லை என்பது இக்கட்டுரையின் கருத்து. அதுவரை நிறுவலின் ஒவ்வொரு நிமிடமும் பயனரின் கவனத்தையும் பதற்றத்தையும் கோரியது. இனி நீ காவல் இருக்க வேண்டியதில்லை என்று ஒரு நிரல் சொன்னது அப்போதுதான். அதே ஆண்டு நவம்பரில் வேர்ட்பெர்ஃபெக்ட்டின் உரிமையாளரான கனடாவின் கோரல் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து, நான்கே படிகளில் நிறுவக்கூடிய லினக்ஸைக் கொண்டுவந்தது. இரண்டே ஆண்டுகளில் அதைக் கைகழுவி சாண்ட்ராஸ் என்ற நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டது. புதியவர் நம்பி வந்த நிறுவனம் பாதியில் விலகிவிட்டால் அவர் எங்கே போவார் என்ற கேள்வி அன்றே எழுந்தது. ஒரு வழங்கலின் பின்னால் நிற்பவர்கள் யார், எத்தனை காலம் நிற்பார்கள் என்பதை இன்றும் முதலில் பார்க்க வேண்டியிருப்பது இதனால்தான்.

மைக்கேல் ராபர்ட்சன் 2001-ல் தொடங்கிய லிண்டோஸ் என்ற வழங்கல் வேறொரு பாடம். வால்மார்ட் 2002-ல் அதை ஏற்றிய கணினிகளை 199 டாலருக்கு விற்றது. பெயரை எதிர்த்து மைக்ரோசாஃப்ட் வழக்குத் தொடுத்தது. 2004-ல் லிண்டோஸ் தன் பெயரை விட்டுக்கொடுக்க, மைக்ரோசாஃப்ட் 2 கோடி டாலர் கொடுத்தது. ஆனால் வழக்கைவிட முக்கியமானது, ஆரம்பப் பதிப்புகளில் அது பயனரை ரூட் கணக்கிலேயே உட்கார வைத்தது. கணினியின் எந்தக் கோப்பையும் அழிக்கும் அதிகாரம் உள்ள கணக்கு அது. கடவுச்சொல் தொந்தரவு இல்லை, உண்மைதான். பாதுகாப்பும் இல்லை. எளிமை என்ற பெயரில் புதியவரைக் கவசமில்லாமல் நிறுத்துவது நட்பு ஆகாது.

எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது ஒரு ஜெர்மானியப் பொறியாளரின் குறுவட்டு. கிளாஸ் க்னாப்பர் 2000-ல் வெளியிட்ட க்னாப்பிக்ஸை நிறுவவே வேண்டாம். குறுவட்டைப் போட்டுக் கணினியை இயக்கினால் அதிலிருந்தே முழு இயங்குதளமும் ஓடும். 700 மெகாபைட் வட்டில் ஏறத்தாழ 2 கிகாபைட் மென்பொருளைச் சுருக்கி அடைத்து, தேவைப்படும்போது விரித்துக் கொடுக்கும் நுட்பத்தை அவர் பயன்படுத்தினார். திரை, ஒலி, நெட்வொர்க் அட்டைகளைத் தானே அடையாளம் கண்டுகொண்டது. ஹார்டு டிஸ்க்கில் ஓர் எழுத்துகூட எழுதவில்லை. விண்டோஸ் படுத்துவிட்ட கணினியிலிருந்து படங்களையும் ஆவணங்களையும் மீட்க, லினக்ஸே வேண்டாம் என்றவர்களும் அதைக் கையில் வைத்திருந்தார்கள். பார்வைக் குறைபாடுள்ள தன் மனைவி ஏட்ரியானின் பெயரில், பேசி வழிகாட்டும் பணிச்சூழல் ஒன்றையும் க்னாப்பர் பின்னர் அதில் சேர்த்தார். கட்டற்ற இயங்குதளங்களின் வரலாற்றில் புதியவருக்காகச் செய்யப்பட்ட ஒரே ஒரு காரியத்தைச் சொல்லச் சொன்னால், இந்த லைவ் சிடியைத்தான் சொல்ல வேண்டும். நிறுவிப் பார்த்த பிறகு தெரிந்துகொள்வது என்ற வரிசையைத் தலைகீழாக்கியது அது.

தென்னாப்பிரிக்கர் மார்க் ஷட்டில்வொர்த் இணையப் பாதுகாப்புச் சான்றிதழ் வழங்கும் தன் நிறுவனமான தாட்டை 1999-ல் வெரிசைனுக்கு விற்றுப் பெரும் செல்வந்தரானார். 2002 ஏப்ரலில் சோயுஸில் ஏறி விண்வெளிக்கும் போய்வந்தார். ஒருகாலத்தில் டெபியனுக்கு உழைத்தவர் அவர். 2004-ன் தொடக்கத்தில் பனியுடைப்புக் கப்பலில் அண்டார்டிகாவுக்குப் பயணமானபோது, டெபியன் உருவாக்குநர்களின் பல மாத உரையாடல்களைக் கொண்டுபோய்ப் படித்து, யாரை வேலைக்கு அழைக்கலாம் என்று முடிவு செய்தார். அந்த ஆண்டு அக்டோபர் 20 அன்று உபுண்டுவின் முதல் பதிப்பு 4.10 வெளியானது.

உபுண்டுவில் புதிய தொழில்நுட்பம் அதிகமில்லை. எடுத்த முடிவுகள்தான் புதியவை. டெபியனில் பல்லாயிரம் மென்பொருள் தொகுப்புகள் இருந்தன. உபுண்டு ஒரே குறுவட்டில், ஒரு வேலைக்கு ஒரு மென்பொருள் என்று தேர்ந்து கொடுத்தது. உலாவ ஃபயர்பாக்ஸ், எழுத ஓப்பன்ஆபீஸ், பணிச்சூழல் க்னோம். ரூட் கணக்கைப் பூட்டிவைத்து, தேவையான நேரத்தில் மட்டும் சுடோ என்ற கட்டளை வழியாக அதிகாரம் கொடுத்தது. லிண்டோஸ் வைத்த சிக்கலுக்கு இதுதான் சரியான விடை. ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு என்று நாள் குறித்துச் சொன்னது. 2006 ஜூனில் வந்த 6.06-லிருந்து நீண்ட கால ஆதரவுப் பதிப்புகளும் தொடங்கின. அதே 6.06-ல் லைவ் சிடியும் நிறுவல் வட்டும் ஒன்றாயின. முதலில் ஓட்டிப் பார், பிடித்தால் அங்கேயே இருக்கும் ஐகானைச் சொடுக்கி நிறுவு.

இன்னொன்றும் உண்டு, அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கையேட்டைப் படித்துவிட்டு வா என்று புதியவரை விரட்டுவது அன்றைய லினக்ஸ் குழுக்களில் சகஜம். உபுண்டு தொடக்கத்திலேயே ஒரு நடத்தை நெறியை எழுதி வைத்தது. பிறரைக் கரிசனத்தோடும் மரியாதையோடும் நடத்த வேண்டும் என்பது அதன் சாரம். முட்டாள்தனமாகத் தோன்றும் கேள்விக்கும் பொறுமையாகப் பதில் சொல்லப்படும் என்ற நம்பிக்கை எந்த நிறுவல் நிரலுக்கும் குறைந்ததல்ல.

பிறகு ஷிப்இட். பெயரையும் முகவரியையும் கொடுத்தால் போதும், உபுண்டு குறுவட்டுகள் உலகின் எந்த மூலைக்கும் இலவசமாக அஞ்சலில் வரும். அஞ்சல் செலவும் இல்லை. வேகமான இணைப்பு அரிதாக இருந்த இந்தியாவில் இதன் அருமை தனி. வெளிநாட்டு முத்திரையோடு வந்த அந்த அட்டை உறைகளைக் கல்லூரி விடுதிகளில் பங்குபோட்டுக்கொண்ட ஒரு தலைமுறை இன்று தமிழ்நாட்டின் மென்பொருள் நிறுவனங்களில் இருக்கிறது. 2011-ல் இந்தச் சேவை நிறுத்தப்பட்டது.

அயர்லாந்தில் வாழ்ந்த பிரெஞ்சுக்காரர் கிளெமன்ட் லெஃபெவ்ர் 2006 ஆகஸ்டில் லினக்ஸ் மின்ட்டைத் தொடங்கியபோது அவர் கண்ட குறை சாதாரணமானது. உபுண்டுவை நிறுவிய கையோடு ஒரு பாட்டைப் போட்டால் பாடாது. எம்பி3 வடிவத்துக்குக் காப்புரிமை இருந்ததால் அதற்கான கோடெக்குகளை உபுண்டு சேர்த்துத் தரவில்லை. பயனர்தான் தேடி நிறுவ வேண்டும். கொள்கை சரிதான். ஆனால் வீட்டில் இருப்பவர், பாட்டுக்கூடப் பாடாத கணினி என்றுதான் நினைப்பார். மின்ட் இவற்றைச் சேர்த்தே கொடுத்தது. தொடக்க ஆண்டுகளில் இந்த வேறுபாடு மின்ட்டின் பெரிய பலமாக இருந்தது. மெனு இடது மூலையில், பணிப்பட்டை கீழே, கடிகாரம் வலது மூலையில். விண்டோஸிலிருந்து வருபவரின் கை தேடும் இடத்திலேயே எல்லாம் இருந்தன.

தனிமனிதர்கள் இப்படி ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டிருந்தபோது அரசுகளும் களத்தில் இறங்கின. ஸ்பெயினின் ஏழை மாகாணங்களில் ஒன்றான எக்ஸ்ட்ரெமதூரா 2002-ல் டெபியனை அடிப்படையாக வைத்து லின்எக்ஸ் என்ற வழங்கலை உருவாக்கிப் பள்ளிகளில் நிறுவியது. படம் திருத்தும் மென்பொருளுக்கு அந்த மண்ணில் பிறந்த ஓவியர் சுர்பரானின் பெயர், எழுதும் மென்பொருளுக்கு அந்த மண்ணின் கவிஞர் எஸ்ப்ரோன்செதாவின் பெயர். ஊர்க் குழந்தைகள் தங்களுடையது என்று தொட்டுப் பார்க்கும்படி செய்த வேலை அது. ஜெர்மனியின் மியூனிக் மாநகராட்சி 2003 மே மாதம் லினக்ஸுக்கு மாற முடிவெடுத்தது. அந்த முடிவைத் தடுக்க, அதற்கு முன்பே மைக்ரோசாஃப்ட்டின் ஸ்டீவ் பால்மர் நேரில் வந்திருந்தார். பத்தாண்டு உழைப்பில் ஏறத்தாழ 15,000 கணினிகள் மாறின. 2017-ல் மாநகராட்சி விண்டோஸுக்கே திரும்பத் தீர்மானித்தது.

கேரளம் எடுத்த வழி ஆழமானது. ஐடி அட் ஸ்கூல் திட்டத்தின்கீழ் ஆசிரியர்களுக்கு முதலில் பயிற்சி, பிறகு லினக்ஸில் அமைந்த பாடம், பத்தாம் வகுப்பில் அதிலேயே தேர்வு. இயங்குதளத்தைக் கொடுத்ததோடு நிற்காமல், அதைப் பயன்படுத்த ஒரு காரணத்தையும் கொடுத்தார்கள். தமிழ்நாட்டில் 2007 வாக்கில் எல்காட் என்ற அரசு நிறுவனம், அப்போதைய நிர்வாக இயக்குநர் உமாசங்கரின் முனைப்பில், சூசே லினக்ஸுக்கு மாறியது. அதே 2007 ஜனவரியில் சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் என்ற டெபியன் வழி இயங்குதளம் இந்திய மொழிகளோடு வெளியானது. 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுக்குப் பக்கத்தில் பாஸும் இருந்தது. ஆனால் வகுப்பறையும் தேர்வும் கேரளத்தைப் போல அதோடு பிணைக்கப்படவில்லை. லட்சக்கணக்கான பிள்ளைகளின் கைக்குப் போன இயங்குதளத்தைச் சொல்லிக்கொடுக்க ஆசிரியர்களைத் தயார் செய்யாதது பெரிய இழப்பு. 2018-ல் வந்த பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில் விண்டோஸோடு உபுண்டுவுக்கும் இடம் கிடைத்தது. அது தாமதமாக வந்த நல்ல செய்தி.

தமிழ் வாசகருக்கு இதில் இன்னொரு கண்ணி உண்டு. தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி 1999-ல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை இன்று முக்கிய லினக்ஸ் வழங்கல்கள் எல்லாவற்றிலும் இருக்கிறது. எந்த மென்பொருளையும் தனியாக வாங்க வேண்டியதில்லை. ரெட் ஹாட் கொடுத்த லோகித் எழுத்துருக்களும் ஹார்ஃப்பஸ் என்ற எழுத்தமைப்பு நூலகமும் கொம்பையும் காலையும் சரியான இடத்தில் வைக்கின்றன. கேடிஇ, க்னோம் இரண்டையும் தமிழாக்கியவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் இருந்து உழைத்தவர்கள். மெனுவைத் தமிழில் பார்க்கும் வாய்ப்பு அவர்களால் வந்தது.

2011 ஏப்ரல் இந்த வரலாற்றின் கசப்பான மாதம். க்னோம் தன் மூன்றாம் பதிப்பில் பணிப்பட்டையையும் மெனுவையும் எடுத்துவிட்டு முற்றிலும் புதிய தோற்றத்தோடு வந்தது. அதே மாதம் உபுண்டு 11.04, யூனிட்டி என்ற தன் சொந்த முகப்புக்குத் தாவியது. தொடுதிரைகளின் காலம் வருகிறது என்ற கணிப்பு இரண்டுக்கும் பின்னால் இருந்தது. கணிப்பு தவறென்று சொல்ல முடியாது. ஆனால் சில ஆண்டுகள் பழகி, இப்போதுதான் பயம் தெளிந்திருந்த லட்சக்கணக்கானோருக்கு, ஒரு புதுப்பிப்புக்குப் பிறகு எதுவும் இருந்த இடத்தில் இல்லை. ஒருவர் முயன்று கற்றுக்கொண்ட பழக்கம் அவருடைய சொத்து. அதை அவரைக் கேட்காமல் எடுத்துக்கொண்டது தவறுதான். அடுத்த ஆண்டே யூனிட்டியின் தேடலில் அமேசான் பொருள்களும் வந்து விழுந்தபோது, ஸ்டால்மன் அதை உளவு மென்பொருள் என்றே கண்டித்தார். 2017-ல் உபுண்டு யூனிட்டியைக் கைவிட்டு க்னோமுக்குத் திரும்பியது.

அந்தக் குழப்பத்தில் வீடிழந்தவர்களுக்கு இடம் கொடுத்தது மின்ட். அர்ஜென்டினாவைச் சேர்ந்த ஒரு பயனர் பழைய க்னோம் 2-ஐ அப்படியே எடுத்து மாட்டே என்ற பெயரில் பராமரிக்கத் தொடங்கினார். மின்ட் அதைச் சேர்த்துக்கொண்டது. கூடவே புதிய க்னோமின் அடித்தளத்தின்மேல் பழைய தோற்றத்தைக் கட்டி, சின்னமன் என்ற பணிச்சூழலையும் தானே உருவாக்கியது. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் மின்ட் பழகிய ஒருவர் இன்றைய மின்ட்டில் உட்கார்ந்தாலும் தடுமாற மாட்டார்.

மின்ட்டுக்கும் சோதனை வந்தது. 2016 பிப்ரவரி 20 அன்று அதன் இணையதளத்துக்குள் நுழைந்தவர்கள், சின்னமன் பதிப்பின் இறக்க இணைப்பை மாற்றி, பின்கதவு வைத்த போலி ஐஎஸ்ஓ கோப்பைக் கொடுத்துவிட்டார்கள். அன்று இறக்கியவர்கள் மாட்டிக்கொண்டார்கள். லெஃபெவ்ர் மறுநாளே நடந்ததை மறைக்காமல் அறிவித்து, கோப்பு அசல்தானா என்று சரிபார்க்கும் முறையை விளக்கினார். இறக்கிய கோப்பின் எஸ்எச்ஏ256 எண்ணை ஒப்பிட்டுப் பார்ப்பதைப் பலர் இன்னும் வேண்டாத சடங்காக நினைக்கிறார்கள். இரண்டு நிமிட வேலை அது, புதியவர் முதல் நாளே பழக வேண்டியது.

2012-ல் விண்டோஸ் 8-ஓடு வந்த செக்யூர் பூட், நிறுவலில் புதிய பயம் ஒன்றைக் கொண்டுவந்தது. கையொப்பமிடாத இயங்குதளத்தைக் கணினி தொடங்கவே விடாது. மைக்ரோசாஃப்ட்டின் கையொப்பத்தோடு வரும் ஷிம் என்ற சிறு நிரலால் உபுண்டு, ஃபெடோரா, மின்ட் எல்லாம் அதைத் தாண்டிவிட்டன. சிறிய வழங்கல்கள் பலவற்றில் இந்தச் சிக்கல் இன்றும் உண்டு. புதியவர் பெரிய வழங்கலைத் தேர்ந்தெடுப்பது நல்லது என்பதற்கு இதுவும் காரணம்.

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இல்லாத, ஆனால் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினிகளை விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. டப்ளினில் சோரின் சகோதரர்கள் 2009-ல் தொடங்கிய சோரின் ஓஎஸ், தன் 18-ஆம் பதிப்பை அதே நாளில் வெளியிட்டது. கேடிஇ உள்ளிட்ட குழுக்கள் பழைய கணினிகளைத் தூக்கி எறியாதீர்கள் என்று பிரசாரம் செய்தன. எட்டு, பத்து வயதான மடிக்கணினியோடு எந்த லினக்ஸ் போடலாம் என்று கேட்பவர்கள் மறுபடியும் பெருகியிருக்கிறார்கள்.

அவர்களுக்கு இந்த வரலாறு தரும் பதில் ஓரளவு தெளிவானது. 4 கிகாபைட் நினைவகத்துக்கு மேல் இருந்தால் லினக்ஸ் மின்ட்டின் சின்னமன் பதிப்பு, அதற்குக் கீழே என்றால் அதன் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. உபுண்டு 24.04-ஐ அடிப்படையாகக் கொண்ட மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை புதுப்பிப்புகள் உண்டு. உபுண்டுவே நாளை வேறு திசையில் போனாலும், நேரடியாக டெபியன்மேல் கட்டிய இன்னொரு பதிப்பை மின்ட் 2010-லிருந்து கைவசம் வைத்திருக்கிறது. கோரலிடம் இல்லாத முன்யோசனை இது. விண்டோஸ் 11-ன் தோற்றம் பழகியவருக்குச் சோரின் பொருந்தும். கல்லூரியில் உபுண்டு கற்பவர் வீட்டிலும் உபுண்டுவின் நீண்ட கால ஆதரவுப் பதிப்பையே வைத்துக்கொள்ளட்டும்.

தீராத கேள்விகளும் இருக்கின்றன. தமிழ்நாட்டுக் கடைகளின் கணக்குகள் டேலி என்ற கணக்கு மென்பொருளில் ஓடுகின்றன. அது விண்டோஸுக்கு மட்டும் எழுதப்பட்டது. அச்சகங்களில் பாமினி, வானவில் போன்ற பழைய குறியாக்க எழுத்துருக்களில் பேஜ்மேக்கரால் செய்துவைத்த கோப்புகள் குவிந்து கிடக்கின்றன. அந்தக் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் உண்டு, ஆனால் பக்க வடிவமைப்பு கையோடு வராது. இவர்களுக்கு முழு மாற்றத்தைப் பரிந்துரைப்பது பொறுப்பற்றது. ஒரு பார்ட்டிஷனில் விண்டோஸை அப்படியே விட்டுவைத்து, பக்கத்தில் மின்ட்டை நிறுவிக்கொள்ளலாம். விண்டோஸ் பக்கத்தை இணையத்தில் இணைக்காமல் கணக்குக்கும் அச்சுக்கும் மட்டும் வைத்துக்கொண்டு, மின்னஞ்சல், வங்கி, உலாவல் எல்லாவற்றையும் லினக்ஸ் பக்கம் மாற்றிக்கொள்ளலாம். மின்ட்டின் நிறுவல் நிரல் இரண்டையும் அருகருகே வைப்பதை ஒரு தெரிவாகவே காட்டுகிறது. நிறுவும் முன் கோப்புகளை வேறொரு டிஸ்க்கில் நகல் எடுத்து வைப்பது மட்டும் இன்றும் பயனரின் பொறுப்பு.